தொலைநோக்கியில் தெளிவாகத் தெரியவில்லையா? உருப்பெருக்கத்தையும் கண்ணருகு வில்லையையும் அறிகுறி பார்த்துச் சரிசெய்யும் வழிமுறை

புதிதாக வாங்கிய தொலைநோக்கியில் வியாழன் மங்கிய வெள்ளைப் பொட்டாகத் தெரியும்போது, வாங்கியவர் முதலில் சந்தேகிப்பது தொலைநோக்கியைத்தான். அப்படிப் பழுதென்று பரண் ஏறும் சிறிய தொலைநோக்கிகள் பெரும்பாலும் நல்ல நிலையிலேயே இருக்கின்றன. கடைகளில் ஐபீஸ் என்று கேட்டு வாங்கும் கண்ணருகு வில்லைதான் அந்தத் தொலைநோக்கிக்கோ, பார்க்கும் பொருளுக்கோ, அன்றைய இரவின் காற்றுக்கோ பொருந்தாமல் இருக்கிறது. ஆகவே எந்த அறிகுறி தென்பட்டாலும் சோதனையைக் கண்ணருகு வில்லையிலிருந்து தொடங்குவதே முறை.

தொடங்குமுன் மூன்று எண்களைக் குறித்துக்கொள்ளுங்கள். குழாயின் மீதுள்ள தகட்டில் விட்டமும் குவியத்தூரமும் அச்சிடப்பட்டிருக்கும். 70/700 என்றால் முகப்பு வில்லையின் விட்டம் 70 மி.மீ., குவியத்தூரம் 700 மி.மீ. என்று பொருள். மூன்றாவது எண் கண்ணருகு வில்லையின் குவியத்தூரம்; அது வில்லையின் உறையிலேயே 25, 10, 4 என்று எழுதப்பட்டிருக்கும். தொலைநோக்கியின் குவியத்தூரத்தைக் கண்ணருகு வில்லையின் குவியத்தூரத்தால் வகுத்தால் கிடைப்பது உருப்பெருக்கம். தொலைநோக்கியின் விட்டத்தை அந்த உருப்பெருக்கத்தால் வகுத்தால், கண்ணருகு வில்லையிலிருந்து வெளிவந்து நம் கண்மணிக்குள் நுழையும் ஒளிக்கற்றையின் விட்டம் கிடைக்கும். 70/700 தொலைநோக்கியில் 25 மி.மீ. வில்லை 28 மடங்கு பெருக்கி 2.5 மி.மீ. கற்றையைத் தருகிறது, 10 மி.மீ. வில்லை 70 மடங்கு பெருக்கி 1 மி.மீ. கற்றையைத் தருகிறது. பகலில் தொலைநோக்கியைச் சூரியனிலிருந்து நன்கு விலகிய வெளிறிய வானப்பகுதிக்குத் திருப்பி, ஓர் அடி பின்னால் நின்று பார்த்தால், இந்தக் கற்றை கண்ணருகு வில்லையின் நடுவே சிறிய ஒளிவட்டமாகத் தெரியும். உருப்பெருக்க எண்ணைவிட இந்தக் கற்றையின் விட்டமே நோயைச் சரியாகக் காட்டும் அளவு என்பது என் உறுதியான கருத்து. கீழே வரும் பல அறிகுறிகளுக்கு விடை அதில்தான் இருக்கிறது.

பெரிதாகத் தெரிகிறது, ஆனால் மங்கலாகவும் இருட்டாகவும் இருக்கிறது

எல்லாவற்றிலும் பரவலான அறிகுறி இதுவே. இதன் வேர் பெரும்பாலும் பெட்டியின் மேல் அச்சிட்ட எண்ணில் இருக்கிறது. 700 மி.மீ. குவியத்தூரமுள்ள தொலைநோக்கியோடு 4 மி.மீ. வில்லையும், பெருக்கத்தை மூன்று மடங்காக்கும் பார்லோ என்ற துணை வில்லையும் கொடுத்துவிட்டு, 700-ஐ 4-ஆல் வகுத்து 3-ஆல் பெருக்கி, "525 மடங்கு" என்று போடுகிறார்கள். கணக்கில் தவறு இல்லை, பயன்தான் இல்லை.

காரணம் ஒளியின் இயல்பிலேயே இருக்கிறது. ஒரு வட்டத் திறப்பின் வழியே வரும் ஒளி விளிம்பு விளைவினால் சற்றுப் பரவுவதால், 70 மி.மீ. விட்டமுள்ள வில்லை ஏறத்தாழ 1.7 வில் விநாடிக்கும் நெருக்கமான இரு புள்ளிகளைப் பிரித்துக் காட்டாது. ஒரு வில் விநாடி என்பது ஒரு பாகையில் 3600-இல் ஒரு பங்கு. 140 மடங்கு பெருக்கும்போதே அந்த 1.7 வில் விநாடி, கண் எளிதாகப் பிரித்தறியக்கூடிய நான்கு வில் நிமிட அளவுக்கு வந்துவிடுகிறது (ஒரு வில் நிமிடம் என்பது 60 வில் விநாடி). அதற்கு மேல் பெருக்கினால் புதிய விவரம் ஒன்றும் வருவதில்லை. பலூனில் எழுதிய எழுத்து, ஊத ஊதப் பெரிதாகி வெளிறுவதைப் போல, இருக்கும் விவரமே விரிந்து மங்குகிறது. மங்கும் அளவையும் கணக்கிடலாம். 70 மடங்கிலிருந்து 525 மடங்குக்குப் போகும்போது பெருக்கம் ஏழரை மடங்கு கூடுகிறது. ஒளி பரவும் பரப்போ அதன் இருமடி, அதாவது 56 மடங்கு கூடுகிறது. ஒளிக்கற்றையின் விட்டம் 0.13 மி.மீ. ஆகச் சுருங்கிவிடுகிறது. அந்த இருட்டில் வியாழனின் பட்டைகளைத் தேடுவது வீண்.

எனவே விட்டத்தை மில்லிமீட்டரில் எடுத்து இரண்டால் பெருக்குங்கள். பயனுள்ள பெருக்கத்தின் உச்ச எல்லை அதுதான். 70 மி.மீ. என்றால் 140, 130 மி.மீ. என்றால் 260. நடைமுறையில் விட்டத்துக்குச் சமமான பெருக்கம், அதாவது 1 மி.மீ. ஒளிக்கற்றை, படம் மிகக் கூர்மையாகத் தோன்றும் இடமாகப் பலருக்கும் அமைகிறது. பார்லோவைக் கழற்றி வையுங்கள், 4 மி.மீ. வில்லையையும் ஒதுக்குங்கள், 25 மி.மீ. வில்லையில் பார்த்து, பிறகு 10 மி.மீ. வில்லைக்கு வாருங்கள். படம் உடனே தெளிந்தால் நோய் அதுவே. தொலைநோக்கியில் குறை இல்லை.

28 மடங்கு போதுமா என்று ஐயம் எழலாம். கலிலியோ 1610 சனவரியில் வியாழனின் நான்கு நிலவுகளைக் கண்டது ஏறத்தாழ 20 மடங்கு பெருக்கத்தில். கிறிஸ்டியான் ஹைகன்ஸ் 1655-இல் சனியின் டைட்டன் நிலவைக் கண்டுபிடித்த கருவி 57 மி.மீ. விட்டமும் ஏறத்தாழ 50 மடங்கு பெருக்கமும் மட்டுமே உடையது. 45 வில் விநாடி அகலத்தில் நிற்கும் வியாழன், 40 மடங்கு பெருக்கத்திலேயே வெறுங்கண்ணுக்குத் தெரியும் முழுநிலவின் அளவுக்கு வந்துவிடுகிறது. சிறிதாகத் தோன்றுவது பெரும்பாலும் பழக்கமின்மையால்தான். கண் பழகப் பழக அந்தச் சிறு வட்டிலேயே பட்டைகள் பிரிந்து தெரியத் தொடங்கும்.

எதுவுமே தெரியவில்லை, வெறும் கருமை

முதலில் முகப்பு மூடியைப் பாருங்கள். பல தொலைநோக்கிகளில் பெரிய மூடியின் நடுவிலோ ஓரத்திலோ இன்னொரு சிறிய மூடி இருக்கும். சிறியதை மட்டும் கழற்றிவிட்டுப் பார்த்தால் ஒளியின் பெரும்பகுதி தடைபடும். மூடி முழுவதும் கழன்றிருந்தும் ஒன்றும் தெரியவில்லை என்றால், அநேகமாக இலக்கு பார்வைப் புலத்துக்கு வெளியே இருக்கிறது. 10 மி.மீ. வில்லை பொருத்திய 70/700 தொலைநோக்கியில் தெரியும் வானத்தின் அகலம் முக்கால் பாகைக்கும் குறைவு. முழுநிலவே அரைப் பாகை. அவ்வளவு சிறிய சாளரத்தின் வழியே கண்ணை மூடிக்கொண்டு தேடுவது முடியாத காரியம்.

இதற்கு இரவில் தீர்வு காண முயல வேண்டாம். பகலில் ஒரு கிலோமீட்டருக்கு அப்பாலுள்ள அலைபேசிக் கோபுரத்தின் உச்சியையோ நீர்த்தொட்டியின் விளிம்பையோ 25 மி.மீ. வில்லையின் நடுவில் கொண்டுவந்து, குழாயின் பக்கத்தில் உள்ள, இலக்கைப் பிடிக்க உதவும் ஃபைண்டர் என்ற சிறு குறிகாட்டியின் திருகுகளைத் திருப்பி, அதன் குறுக்குக் கோட்டையும் அதே புள்ளியில் நிறுத்துங்கள். அதன்பின் எந்த இலக்கையும் மிகக் குறைந்த பெருக்கத்தில் பிடித்து, நடுவில் வைத்து, அதற்குப் பிறகே வில்லையை மாற்ற வேண்டும். இந்த ஒழுங்கை அனுபவமுள்ளவர்களும் விடுவதில்லை.

எவ்வளவு திருகினாலும் ஃபோகஸ் கிடைக்கவில்லை

தொலைநோக்கி எந்த வகை என்பதைப் பொறுத்துக் காரணம் மாறும். முகப்பில் வில்லை உள்ள ஒளிவிலகல் வகையில், ஒளியைச் செங்கோணத்தில் திருப்பும் டயகோனல் என்ற துணைப்பாகம் இருந்தால்தான் ஃபோகஸ் கிடைக்கும்படி குழாயின் நீளம் அமைக்கப்பட்டிருக்கும். அதைக் கழற்றிவிட்டு வில்லையை நேரடியாகச் செருகினால், வெளியே எவ்வளவு இழுத்தாலும் போதாமல் போகலாம். ஆடி உள்ள நியூட்டன் வகையில் நிலைமை நேர்மாறு: அதில் டயகோனலைச் செருகினால், உள்ளே எவ்வளவு தள்ளினாலும் ஃபோகஸ் வராது. பெட்டியில் 1.5 மடங்கு நேராக்கும் வில்லை என்ற நீண்ட குழாயும் சில சமயம் இருக்கும். அது தரையிலுள்ள காட்சிகளுக்கு உரியது. விண்மீன்களைப் பார்க்கும்போது அது வேண்டாம். வானத்தில் தலைகீழாகத் தெரிவதால் ஒரு நட்டமும் இல்லை.

இவை சரியாக இருந்தும் சிக்கல் நீடித்தால், பகலில் தொலைவிலுள்ள பொருளில் ஃபோகஸ் வைத்துப் பாருங்கள். அங்கே கிடைக்கும் நிலையிலிருந்து குழாயைச் சற்றே உள்ளே தள்ளினால் விண்மீன்களுக்கான நிலை வந்துவிடும். வில்லையை மாற்றும்போதெல்லாம் ஃபோகஸை மறுபடியும் வைக்க வேண்டும் என்பதையும் பலர் அறிவதில்லை.

விண்மீன் பெரிய ஒளிவட்டமாகவும் அதன் நடுவே கறுப்புப் பொட்டாகவும் தெரிந்தால், அது நியூட்டன் வகையின் துணை ஆடி போடும் நிழல். ஃபோகஸ் இன்னும் வரவில்லை என்பதே அதன் பொருள். வட்டம் சிறுத்துக்கொண்டே போகும் திசையில் திருகிப் புள்ளியாகும் இடத்தில் நிறுத்த வேண்டும். பெரிய வட்டமே பெரிய காட்சி என்று எண்ணி, அதைக் கோளாகக் கொள்பவர்களும் உண்டு.

கோள் அலைபாய்கிறது, ஒரு கணம் தெளிந்து மறுகணம் கரைகிறது

இங்கே கண்ணருகு வில்லையும் தொலைநோக்கியும் குற்றமற்றவை. வெப்பநிலை வேறுபட்ட காற்றடுக்குகள் கலந்து அசையும்போது அவற்றின் வழியே வரும் ஒளி ஒவ்வொரு கணமும் வெவ்வேறு திசையில் விலகுகிறது. பெருக்கம் கூடும்போது அந்த அசைவும் சேர்ந்தே பெருகுகிறது. திருப்பத்தூர் மாவட்டத்துச் சவ்வாது மலையில், காவலூரில் உள்ள 2.34 மீட்டர் வைணு பாப்பு தொலைநோக்கிக்கும் நுண்விவரத்தின் எல்லையை வகுப்பது இந்தக் காற்றுதான். 200 மி.மீ. தொலைநோக்கியின் கணக்குப்படியான உச்சம் 400 மடங்கு என்றாலும், பெரும்பாலான இரவுகளில் 150 முதல் 250 மடங்குக்கு மேல் காற்று இடம்கொடுப்பதில்லை.

ஆனால் அந்தக் காற்றின் ஒரு பகுதி நம் கைக்குள் அடங்கியது. மொட்டைமாடியில் இருந்து பார்ப்பவர்கள் இதைக் கூர்ந்து கவனிக்க வேண்டும். பகல் முழுவதும் வெயிலை உண்ட கான்கிரீட் தளம், இரவு நெடுநேரம் வரை வெப்பத்தை மேலே விட்டுக்கொண்டே இருக்கிறது. தொலைநோக்கியின் வாய்க்கு நேர் கீழிருந்தே அந்த வெப்பக்காற்று எழுகிறது. ஏழு மணிக்கு அலைபாய்ந்த வியாழன் நள்ளிரவுக்குப் பின் அமைதியாக நிற்பதற்கு இதுவும் ஒரு காரணம். அதற்குள் கோள் தொடுவானத்திலிருந்து மேலேறி, குறைந்த தடிப்புள்ள காற்றின் வழியே தெரிவது மற்றொரு காரணம். மாடியைவிடப் புல்தரை நல்லது, மண்தரை நல்லது. மாடியே கதி என்றால், மாலையில் தரையில் நீர் தெளித்து ஆறவிட்டு, பக்கத்து வீட்டுக் கூரைக்கும் குளிர்சாதனத்தின் வெளிப்பெட்டிக்கும் மேலாகப் பார்ப்பதைத் தவிர்க்க வேண்டும். கோள் 30 பாகை உயரத்துக்கு மேல் வந்தபின் பாருங்கள். நிலநடுக்கோட்டுக்கு அருகில் வாழ்பவர்களுக்கு இதில் ஒரு நற்பேறு உண்டு: ஐரோப்பாவில் பல ஆண்டுகள் தொடுவானத்தை ஒட்டியே ஊரும் கோள்கள் தமிழகத்தில் உச்சி வானத்தை நெருங்கி நகர்கின்றன.

குழாய்க்குள் இருக்கும் காற்றையும் மறக்கக் கூடாது. வீட்டுக்குள் குளிர்சாதன அறையிலோ வெம்மையான அறையிலோ இருந்த தொலைநோக்கியை வெளியே கொண்டுவந்த உடனே அதிகப் பெருக்கத்தில் பார்க்க முடியாது. 150 அல்லது 200 மி.மீ. ஆடி வெளிக்காற்றின் வெப்பநிலைக்கு வர அரைமணி நேரமாவது தேவை. வெளிக்காற்றா, உட்காற்றா என்று பிரித்தறிய ஒரு பிரகாசமான விண்மீனின் ஃபோகஸைச் சற்றே கலைத்துப் பாருங்கள். வட்டம் முழுவதும் வேகமாக ஓடும் நெளிவுகள் வானத்தின் காற்றால் வருபவை. வட்டத்தின் ஒரு பக்கத்திலிருந்து மெதுவாக மேலெழும் சுருள் குழாய்க்குள் இருக்கும் வெப்பத்தால் வருவது. முன்னதற்குப் பெருக்கத்தைக் குறைப்பது தவிர வேறு மருந்து இல்லை. பின்னதற்குக் காத்திருத்தலே மருந்து.

மழை பெய்து வெளுத்த இரவில் விண்மீன்கள் பளிச்சென்று மின்னினால், அன்று நெபுலாக்கள் எனப்படும் விண்வெளி வாயு மேகங்களைப் பாருங்கள், கோள்களை விட்டுவிடுங்கள். விண்மீன்களின் மினுக்கம் குறைந்து, வானம் சற்றுப் புகைமூட்டமாகத் தோன்றும் காற்றசையாத இரவுகளே பல சமயம் கோள்களுக்கு உகந்தவை.

கண்ணை அசைத்தால் கருநிழல் மறைக்கிறது; இமை முடி வில்லையில் படுகிறது

ஒவ்வொரு கண்ணருகு வில்லைக்கும் கண்ணை வைக்க வேண்டிய தொலைவு ஒன்று உண்டு. பரவலாகக் கிடைக்கும் பிளாசல் வகையில் அது வில்லையின் குவியத்தூரத்தில் ஏறத்தாழ முக்கால் பங்கு. எனவே 25 மி.மீ. வில்லையில் வசதியாகப் பார்க்கலாம், 6 மி.மீ. வில்லையிலோ கண்ணை நான்கைந்து மில்லிமீட்டர் தொலைவில் ஒட்டவைக்க வேண்டியிருக்கும். 4 மி.மீ. வில்லையில் பார்ப்பவர் படும் துன்பம் பெரும்பாலும் இதுதான். வில்லையின் வகையை மாற்றுவதே தீர்வு: எல்லாக் குவியத்தூரங்களிலும் 15 முதல் 20 மி.மீ. தொலைவு தரும்படி வடிவமைத்த வில்லைகள் சந்தையில் கிடைக்கின்றன. இல்லையேல், 10 மி.மீ. வில்லையோடு இரண்டு மடங்கு பார்லோவைச் சேர்த்து 5 மி.மீ. வில்லையின் பெருக்கத்தைப் பெறலாம். கண் வைக்கும் வசதி 10 மி.மீ. வில்லையினதாகவோ சற்றுக் கூடுதலாகவோ இருக்கும்.

மூக்குக்கண்ணாடி அணிபவர்கள் கிட்டப்பார்வையோ தூரப்பார்வையோ மட்டும் உள்ளவர்கள் என்றால் கண்ணாடியைக் கழற்றிவிட்டு ஃபோகஸ் திருகாலேயே அதை ஈடுசெய்துகொள்ளலாம். கண் மருத்துவர் தந்த சீட்டில் "சிலிண்டர்" என்ற எண் இருந்தால் ஃபோகஸ் அதைத் தீர்க்காது. குறைந்த பெருக்கத்தில், அதாவது அகன்ற ஒளிக்கற்றையில், விண்மீன்கள் கோடாக இழுபடும். கற்றை 1 மி.மீ. அளவுக்குச் சுருங்கும்போது கண்மணியின் நடுப்பகுதி மட்டுமே பயன்படுவதால் அந்தக் குறை பெரிதும் மறைந்துவிடும். ஆகவே அத்தகையவர்கள் கோள்களைக் கண்ணாடியின்றியும், அகன்ற காட்சிகளைக் கண்ணாடியோடும் பார்க்கும்படி வில்லைகளைத் தேர்ந்துகொள்வது நல்லது.

நிலவைப் பார்க்கும்போது நூலிழைகளும் புள்ளிகளும் மிதந்து போனால் வில்லையைத் துடைக்கப் போகாதீர்கள். அவை உங்கள் கண்ணுக்குள் இருக்கும் இழைகள். கற்றை 0.7 மி.மீ.-க்கும் கீழே போகும்போது அவை பலருக்கும் தெரியத் தொடங்கும். பெருக்கத்தைக் குறைத்தால் மறையும்.

விண்மீன் புள்ளியாக இல்லாமல் வால் முளைத்துத் தெரிகிறது

வால் எங்கே இருக்கிறது என்று முதலில் பார்க்க வேண்டும். பார்வைப் புலத்தின் நடுவில் விண்மீன் கூர்மையாகவும், ஓரத்துக்குப் போகப் போக வாலோடும் தெரிந்தால், அது குறுகிய குவிய விகிதமுள்ள ஆடியின் இயல்பும் மலிவான அகலப்புல வில்லையின் குறையும் சேர்ந்தது. குவியத்தூரத்தை விட்டத்தால் வகுத்தால் வருவது குவிய விகிதம்: 70/700-க்கு 10, 130/650-க்கு 5. விகிதம் 10 உள்ள தொலைநோக்கி எளிய வில்லைகளையும் பொறுத்துக்கொள்ளும். 5 உள்ளது அவற்றின் குறை அனைத்தையும் வெளிக்காட்டும். அதனால், ஒருவருக்குச் சிறப்பாக வேலை செய்த வில்லை மற்றவரின் கருவியில் ஏமாற்றம் தரலாம். பரிந்துரை கேட்கும்போது அவரது தொலைநோக்கியின் விகிதத்தையும் கேட்டுக்கொள்ளுங்கள்.

நடுவிலேயே வால் இருந்தால் ஆடிகளின் ஒழுங்கு கலைந்திருக்கிறது. ஃபோகஸைச் சற்றுக் கலைத்துப் பார்க்கும்போது வளையங்கள் ஒரே மையத்தில் அமையாமல் ஒருபுறம் நெருங்கியும் மறுபுறம் அகன்றும் இருந்தால் அது உறுதி. முதன்மை ஆடியின் பின்னுள்ள திருகுகளைச் சிறிது சிறிதாகத் திருப்பி, ஒவ்வொரு முறையும் விண்மீனை நடுவுக்குக் கொண்டுவந்து சோதிக்க வேண்டும். இதற்குத் துருவ விண்மீனைப் பயன்படுத்துமாறு சொல்லும் அறிவுரை வடக்கே தொலைவில் வாழ்பவர்களுக்கு உரியது; தமிழகத்தில் அது தொடுவானத்துக்கு மேல் 8 முதல் 13 பாகை உயரத்திலேயே நிற்பதால், கலங்கிய காற்றில் வளையங்களைக் காண்பது கடினம். உயரத்தில் உள்ள வேறொரு விண்மீனை எடுத்துக்கொள்ளுங்கள்.

114/1000 என்று குறிக்கப்பட்ட சில நியூட்டன் தொலைநோக்கிகளின் குழாய் அரை மீட்டர் அளவே இருக்கும். ஃபோகஸ் குழாயின் அடியில் ஒரு வில்லையைப் பொருத்திக் குவியத்தூரத்தை நீட்டியிருப்பதே காரணம். அவற்றில் ஆடியைச் சீரமைப்பது கடினம், அதிகப் பெருக்கத்தில் கூர்மையும் குறைவு. 100 முதல் 120 மடங்கோடு நிறுத்திக்கொள்வது நல்லது. ஒளிவிலகல் வகையில் பிரகாசமான பொருள்களைச் சுற்றி ஊதா விளிம்பு தெரிவது முகப்பு வில்லையின் தன்மை; கண்ணருகு வில்லையை மாற்றுவதால் அது போகாது.

நெபுலாவும் விண்மீன் மண்டலமும் (கேலக்சி) தெரியவில்லை, அல்லது சாம்பல் நிறப் புகையாகத் தெரிகின்றன

சாம்பல் நிறம் பிழையன்று. அவ்வளவு மங்கிய ஒளியில் கண்ணால் நிறம் காண இயலாது. படங்களில் உள்ள சிவப்பும் நீலமும் நீண்ட நேர ஒளிப்பதிவில் வருபவை. இதை முன்பே அறிந்திருந்தால் ஏமாற்றம் குறையும்.

அறவே தெரியவில்லை என்றால் கற்றையின் விட்டத்தைக் கணக்கிடுங்கள். ஓரியன் நெபுலா, லகூன் நெபுலா போன்ற பரந்த பொருள்களுக்கு 4 முதல் 6 மி.மீ. கற்றையும், சிறிய விண்மீன் மண்டலங்களுக்கும் கோள வடிவ விண்மீன் கொத்துகளுக்கும் 2 முதல் 3 மி.மீ. கற்றையும் ஏற்றவை. இங்கே "குறைந்த பெருக்கமே எப்போதும் நல்லது" என்ற விதி ஓரளவு வளைகிறது: பெருக்கத்தைக் கூட்டும்போது பொருளும் வானப் பின்னணியும் ஒரே விகிதத்தில் இருட்டாகின்றன, ஆனால் பொருளின் உருவம் பெரிதாவதால் கண் அதை எளிதில் பிரித்தெடுக்கிறது. நகர வெளிச்சத்தில் இந்த வேறுபாடு நன்றாகவே உணரப்படும். சித்திரை, வைகாசி மாத இரவுகளில் தென் வானில் ஏறும் ஒமேகா சென்டாரி விண்மீன் கொத்தை 200/1200 தொலைநோக்கியில் 25 மி.மீ. வில்லையால் பார்த்தபின் 15 மி.மீ. வில்லைக்கு மாறிப் பாருங்கள். 80 மடங்கில் புகை கலைந்து தனித்தனி விண்மீன்களாகப் பிரியும். ஐரோப்பாவின் பெரும்பகுதியில் உதிக்கவே உதிக்காத பொருள் அது.

7 மி.மீ.-க்கு மேல் கற்றை போனால் கண்மணியைத் தாண்டி ஒளி வீணாகும். நடுத்தர வயதைக் கடந்தவர்களின் கண்மணி 5 அல்லது 6 மி.மீ. அளவே விரியும். வடிகட்டிகளைப் பொறுத்தவரை, ஆக்சிஜன்-3 போன்றவை தாமே ஒளிரும் நெபுலாக்களுக்கு மட்டுமே உதவும். விண்மீன் மண்டலங்களின் ஒளி எல்லா நிறங்களிலும் பரவியிருப்பதால் அவற்றுக்கு உதவாது.

வடிகட்டி பற்றிப் பேசும்போது ஒன்றை அழுத்தமாகச் சொல்ல வேண்டும். பழைய பெட்டிகள் சிலவற்றில் கண்ணருகு வில்லையின் அடியில் திருகிப் பொருத்தும் கரும்பச்சைச் சூரிய வடிகட்டி இருக்கும். குவிந்த சூரிய ஒளியின் வெப்பத்தில் அது திடீரென்று விரிசல் விடக்கூடும். அந்தக் கணமே பார்வை போய்விடலாம். அதை உடைத்துக் குப்பையில் போடுங்கள். சூரியனைப் பார்ப்பதற்கு முகப்பு முழுவதையும் மூடும் தகுந்த வடிகட்டி மட்டுமே பாதுகாப்பானது.

கோள் சில நொடிகளிலேயே நழுவி ஓடுகிறது

ஓடுவது பூமி. வானம் நான்கு நொடிக்கு ஒரு வில் நிமிடம் வீதம் நகர்கிறது. கையால் தள்ளித் திருப்பும் டாப்சோனியன் வகை 200/1200 தொலைநோக்கியில் 5 மி.மீ. பிளாசல் வில்லை 240 மடங்கு பெருக்கி 12.5 வில் நிமிட வானத்தைக் காட்டும். கோள் ஒரு விளிம்பிலிருந்து மறு விளிம்புக்கு 50 நொடியில் போய்விடும். அதே குவியத்தூரத்தில், கண்ணுக்குத் தோன்றும் காட்சியின் அகலம் 82 பாகையாக உள்ள அகலப்புல வில்லை 80 நொடிக்கு மேல் தரும். கையால் தள்ளும் தாங்கி உள்ளவர்கள் அகலப்புல வில்லைக்குச் செலவிடுவது ஆடம்பரமன்று. மோட்டார் உள்ளவர்களுக்கு அந்தத் தேவை குறைவு.

சனிக்கு வளையம் இல்லை. செவ்வாயில் ஒன்றுமே தெரியவில்லை

நாள்காட்டியைப் பாருங்கள். 2025 மார்ச் மாதம் சனியின் வளையத்தளத்தைப் பூமி கடந்தது; அந்த ஆண்டில் வளையம் மெல்லிய கோடாகவே தெரிந்தது, இனி ஆண்டுக்கு ஆண்டு விரியும். செவ்வாய் 26 மாதங்களுக்கு ஒருமுறைதான் பூமியை நெருங்குகிறது. 2025 சனவரிக்குப் பிறகு அடுத்த நெருக்கம் 2027 பிப்ரவரியில். இடைப்பட்ட மாதங்கள் பலவற்றில் அது 5 வில் விநாடி அளவே இருப்பதால் எந்த வில்லையாலும் அதில் விவரம் காண முடியாது.

கையில் உள்ள வில்லைகள் போதவில்லை என்று தோன்றுகிறது

மலிவான தொகுப்புப் பெட்டியில் எட்டுப் பத்து வில்லைகள் வாங்குவதைவிட, தேர்ந்தெடுத்த மூன்று வில்லைகள் நெடுநாள் பயன்படும்: 4 முதல் 5 மி.மீ. கற்றை தருவது ஒன்று, 2 முதல் 2.5 மி.மீ. தருவது ஒன்று, 1 மி.மீ.-க்கு அருகில் தருவது ஒன்று. வேண்டிய கற்றையின் விட்டத்தைக் குவிய விகிதத்தால் பெருக்கினால் வாங்க வேண்டிய வில்லையின் குவியத்தூரம் வந்துவிடும். விகிதம் 6 உள்ள 200/1200-க்கு 30, 15, 6 என்று அமையும். காற்று கலங்கிய இரவுகளுக்காக 8 மி.மீ. ஒன்றையும் சேர்த்தால் 150 மடங்கு கிடைக்கும், அதுவே மிகுதியும் பயன்படும் என்பது என் கணிப்பு. விகிதம் 10 உள்ள 70/700-க்கு 32 மி.மீ. வில்லையே 3.2 மி.மீ. கற்றையைத்தான் தரும்; அதற்கு மேல் தேட வேண்டாம். 31.7 மி.மீ. உறையில் 40 மி.மீ. வில்லை வாங்கினாலும் உறையின் உள்விட்டம் தடுப்பதால் 32 மி.மீ. பிளாசல் காட்டும் அதே வானப்பரப்புதான் தெரியும்.

பார்லோ வாங்குபவர்கள் எண்கள் மோதாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். 20-உம் 10-உம் வைத்திருப்பவர் இரண்டு மடங்கு பார்லோ வாங்கினால் 20 மீண்டும் 10 ஆகிவிடும். 25, 15 என்று இருந்தால் பார்லோவோடு 12.5, 7.5 என்று நான்கு வெவ்வேறு பெருக்கங்கள் கிடைக்கும். ஹைகன்ஸ் வகையைக் குறிக்கும் ஆங்கில எழுத்து பொறித்த வில்லைகள் விகிதம் 10-க்கும் கீழே உள்ள கருவிகளுக்குப் பொருந்தாதவை. முதலில் மாற்ற வேண்டியவை அவையே. மிகப் பழைய கருவிகளில் 24.5 மி.மீ. உறை இருந்தால், புது வில்லை வாங்குமுன் அதற்கேற்ற இணைப்பு கிடைக்குமா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

முன்பு தெளிவாக இருந்தது, இப்போது எல்லா வில்லையிலும் மூட்டமாக இருக்கிறது

மார்கழிப் பனியில் முகப்பு வில்லையிலோ, பார்ப்பவரின் மூச்சுப் பட்டுக் கண்ணருகு வில்லையிலோ ஈரம் படிந்திருக்கலாம். துணியால் துடைத்தால் தூசி உரசிக் கீறல் விழும். உலரவிடுங்கள், அடுத்த முறை முகப்பில் அட்டையால் ஒரு நீண்ட விளிம்பு சுற்றிவையுங்கள். ஈரம் உலர்ந்தபின்னும் மூட்டம் நீங்காவிட்டால், டார்ச் ஒளியைச் சாய்வாக அடித்து வில்லையைப் பாருங்கள். மரக்கிளை போன்ற மெல்லிய இழைகள் தெரிந்தால் அது பூஞ்சை. கடலோர ஊர்களிலும் மழைமாதங்களிலும் மூடிய பெட்டிக்குள் ஈரத்தோடு வைத்த வில்லைகளில் இது வேகமாகப் பரவி, மேற்பூச்சை அரித்துவிடும். தொடக்கத்திலேயே கண்டால் வில்லைகளைப் பழுதுபார்க்கும் ஒருவரிடம் கொடுத்துத் துப்புரவு செய்யலாம். மற்ற வில்லைகளிலிருந்து அதை உடனே பிரித்து வையுங்கள். பெட்டிக்குள் சிலிக்கா ஜெல் பொட்டலங்களைப் போட்டு, நிறம் மாறும்போது மாற்றுங்கள். பார்த்து முடித்த இரவில் வில்லைகளை உடனே மூடாமல், அறையின் வெப்பநிலைக்கு வந்து உலர்ந்த பின்னரே மூடி வையுங்கள்.